கண்ணுக்கு எட்டாத விண்மீன்கள்

கோள்மண்டலக் காட்சிசாலையொன்றினுள் அமர்ந்து பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. விளக்குகள் மெல்ல மெல்ல மங்குகின்றன. தலைக்கு மேலுள்ள வெண்ணிறக் குவிமாடத்தின் மேற்கு விளிம்பிலே செயற்கைச் சூரியன் மறைகின்றது. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என விண்மீன்கள் தோன்றுகின்றன. அங்கு வந்திருக்கும் சிறுவனும் அவனுடைய பாட்டனாரும் ஒருங்கே வியக்கின்றனர். அவ்விண்மீன்களுட் சில பாட்டனாருக்குப் பழையவை. கார்த்திகைக் கூட்டத்தையும் திருவாதிரையையும் அவர் தம் வீட்டு முற்றத்திலிருந்தே கண்டவர். ஆதலால் விளக்கவுரையாளர் சுட்டிக் காட்டுவதை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் இக்காலத்துக் காட்சிகள் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. பேரண்டத்தின் மிக விந்தையான பொருள்களை நோக்கி நம்மை அழைத்துச் செல்கின்றன. பூமியளவே பருமனுடையதாயினும் சூரியனளவு திணிவு கொண்ட வெண்குள்ளன் ஒன்று காட்டப்படுகிறது. அடுத்து, ஒரு தேக்கரண்டிப் பொருளே பல கோடி தொன் நிறைகொண்ட நியூத்திரன் விண்மீன் வருகிறது. இறுதியில், தன்னுட் புகுந்த ஒளியையும் வெளியே விடாத கருந்துளை குவிமாடம் முழுவதையும் நிறைக்கின்றது. இப்பொழுது பாட்டனார் தமக்குள்ளே கேட்கிறார்: “இதை எவர் போய்ப் பார்த்தார்?”

அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அரைமணி நேரத்துக் காட்சியிலே நாம் கண்டு மகிழும் இப்பொருள்களை ஏற்றுக்கொள்வதற்கு மனித இனத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அத்தாமதத்துக்குக் கருவிகளின் குறை ஒரு காரணம். மனிதர் மனத்தின் குறை மற்றொரு காரணம்.

முதலிற் காட்சிசாலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஜேர்மனியின் மியூனிக் நகரிலே அறிவியல் நூதனசாலை ஒன்றை அமைத்த ஒஸ்கார் பொன் மில்லர், வான மண்டலத்தைப் பொதுமக்களுக்குக் காட்டக்கூடிய கருவியொன்றை யேனா நகரிலுள்ள சைஸ் நிறுவனத்தாரிடம் வேண்டினார். அந்நிறுவனத்தின் பொறியியலாளர் வால்தர் பவர்ஸ்பெல்டு, விண்மீன்களைச் சுழலும் கோளமொன்றிற் பதிப்பதற்குப் பதிலாக, நடுவே நிற்கும் கருவியிலிருந்து ஒளிப்புள்ளிகளாகக் குவிமாடத்தில் எறியலாம் எனக் கண்டார். அக்கருவி 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மியூனிக்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அது ஏறத்தாழ 4,500 விண்மீன்களைக் காட்டியது.

நம் நாட்டிலே கொழும்பிலுள்ள கோள்மண்டலம் 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியையொட்டி எழுந்தது. தாமரை மலரை நினைவூட்டும் அதன் கூரை பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க அவர்களின் ஆக்கமாகும். அதனுள் நிறுவப்பட்ட ஒளியெறி கருவியும் யேனாவிலிருந்தே வந்தது.

இக்கருவிகளுக்கு ஒரு வரம்பு இருந்தது. பூமியிலிருந்து வெறுங்கண்ணால் நோக்குவோர் காண்பதையே அவை சிறப்பாகக் காட்டின. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்குக் கணினி வரவேண்டியிருந்தது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்து அறிவியற் காட்சிசாலையிலே கணினியினால் இயங்கும் முதலாவது கோள்மண்டலக் கருவி நிறுவப்பட்டது. அதன் பின்னரே பார்வையாளரைப் பூமியை விட்டு அகற்றி, விண்மீன்களிடையே பயணஞ் செய்விப்பது எளிதாயிற்று. காட்சிசாலை காணாப் பொருளைக் காட்ட ஆயத்தமான காலத்திலே, அப்பொருள்களின் வரலாறோ இருநூறு ஆண்டு முதுமை அடைந்திருந்தது.

அவ்வரலாறு இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில், தோர்ன்கில் என்னும் ஊரின் தேவாலய குருவாகிய ஜோன் மிச்செல் என்பாரிடமிருந்து தொடங்குகிறது. அவர் எழுதிய கட்டுரையொன்று 1783ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் அரச கழகத்திலே படிக்கப்பட்டது. மேலே எறிந்த கல் கீழே விழுகிறது. போதிய வேகத்துடன் எறிந்தால் அது திரும்பாமலே போய்விடும். ஒளியும் சிறு துணிக்கைகளால் ஆயது என அக்காலத்தார் எண்ணினர். அவ்வாறாயின், ஒளித் துணிக்கைகளையும் திரும்பி விழச்செய்யும் அளவுக்கு ஈர்ப்புடைய விண்மீன் இருக்கலாம் அல்லவா? சூரியனை ஒத்த அடர்த்தியும், சூரியனைப் போல் 500 மடங்கு விட்டமும் கொண்ட விண்மீனின் ஒளி நம்மை வந்தடையாது என மிச்செல் கணக்கிட்டார்.

இக்கணக்கினும் சிறந்தது அவர் அடுத்துக் கூறிய யோசனையே. ஒளிராத அவ்விண்மீனைக் காண முடியாது. ஆயினும் அதனைச் சுற்றி ஒளிரும் வேறொரு விண்மீன் வந்தால், அதன் ஓட்டத்தைக் கொண்டு நடுவே மறைந்திருப்பதை உய்த்துணரலாம் என்றார். ஓடும் கட்டுமரத்தைக் கண்டு கண்ணுக்குத் தெரியாத காற்றின் திசையை அறிகிறோம் அல்லவா? அது போன்றதே இம்முறையும். இந்த யோசனையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது மீண்டும் வரும்.

பிரான்சிய அறிஞர் லப்பிளாசும் 1796ஆம் ஆண்டிலே இதே கருத்தைத் தாமாகவே வெளியிட்டார். ஆனால் ஒளி துணிக்கையன்று, அலையே என்னும் கொள்கை வலுப்பெற்றபோது இக்கருத்து ஆதாரமிழந்தது. லப்பிளாசு தம் நூலின் பிற்பதிப்புகளில் அதனை நீக்கிவிட்டார். மிச்செலின் கட்டுரையும் மறதியில் ஆழ்ந்தது.

இடையிலே, மறைந்திருக்கும் துணையை உய்த்துணரும் முறை வேறோரிடத்திற் பயன்பட்டது. இரவு வானில் மிக ஒளிமிக்க விண்மீன் சிரியஸ் ஆகும். அது வானத்தில் நேராகச் செல்லாது சற்றே தள்ளாடிச் செல்வதை ஜேர்மானிய வானியலாளர் பெசல் அளந்து, கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன் ஒன்று அதனை இழுக்கிறது என 1844ஆம் ஆண்டு அறிவித்தார். 1862ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி, அமெரிக்காவிலே தொலைகாட்டி வில்லைகள் செய்வதிற் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த அல்வன் கிரகம் கிளார்க், புதிதாகச் செய்த வில்லையொன்றைச் சோதிக்கும்போது அத்துணையைக் கண்டார். மங்கலான சிறு புள்ளியாக அது சிரியசின் அருகே நின்றது.

மங்கலாயிருப்பதால் அது குளிர்ந்த விண்மீனாகவே இருக்கும் என்று பலர் கருதினர். 1915ஆம் ஆண்டு வில்சன் மலை வானாய்வுக்கூடத்தில் வால்டர் ஆடம்ஸ் அதன் ஒளியைப் பிரித்து நோக்கியபோது, அது சூரியனிலும் வெப்பமிக்கது என்பது தெரிந்தது. வெப்பம் மிகுதி, ஒளியோ குறைவு. ஆகவே அதன் பருமன் மிகச் சிறிதாதல் வேண்டும். கணக்கிட்டபோது, சூரியனளவு திணிவு பூமியளவு உருண்டையினுள் அடைபட்டிருப்பது தெளிவாயிற்று. அப்பொருளிலே ஒரு தீப்பெட்டி அளவை எடுத்தால் அது பல தொன் நிறைகொள்ளும். இதுவே வெண்குள்ளன்.

இத்துணை நெருக்கத்தையும் தாங்கி நிற்பது எது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ரால்ப் பவுலர் 1926ஆம் ஆண்டிலே குவாண்டம் கொள்கையைக் கொண்டு விடை கண்டார். நெருக்கப்பட்ட இலத்திரன்கள் ஒன்று நின்ற நிலையில் மற்றொன்று நிற்க இணங்குவதில்லை. நெருக்கம் கூடக்கூட அவை மேலும் மேலும் வேகங்கொண்டு அமுக்கத்தைத் தருகின்றன. விண்மீன் ஆறிக் குளிர்ந்த பின்னரும் இவ்வமுக்கம் குறையாது. ஆகவே எல்லா விண்மீன்களும் தம் எரிபொருள் தீர்ந்ததும் வெண்குள்ளன்களாகி அமைதியடையும் என அறிஞர் நம்பினர். ஆறுதல் தரும் முடிவு அது.

அந்த ஆறுதலைக் குலைத்தவர் பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு லாகூரிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர், சர் சி. வி. இராமனின் சகோதரர் மகன். 1930ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் செல்வதற்குப் பம்பாயிற் கப்பல் ஏறினார். கடற்பயணத்தின்போது பவுலரின் கணக்கை மீண்டும் நோக்கிய அவருக்கு ஒரு குறை தென்பட்டது. நெருக்கம் மிகும்போது இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும்; அப்போது சார்புக் கொள்கையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சேர்த்துப் பார்த்தபோது அமுக்கம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட திணிவுக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குள்ளனாக அமைதியடைய இயலாது என்பது முடிவாயிற்று. அவ்வெல்லை சூரியத் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கூறுகின்றோம்.

எல்லையைத் தாண்டிய விண்மீனுக்கு என்ன நேரும்? இக்கேள்வியையே சந்திரசேகர் அறிஞர் முன் வைத்தார்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி இலண்டனில் அரச வானியற் கழகம் கூடியது. சந்திரசேகர் தம் ஆய்வின் முழு விளைவையும் எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆதர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கு ஆதாரம் தேடித் தந்த பேரறிஞர் அவர். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அக்காலத்தில் அவரினும் அறிந்தவர் இலர். அதற்கு முந்திய மாதங்களில் அவர் இளைஞரின் கணக்குகளை அடிக்கடி வந்து பார்த்து விசாரித்தவர். எனினும், தமக்கு மாறான எண்ணம் உண்டென்பதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

எடிங்டன் சபையிலே கூறியதன் கருத்து இதுவாகும்: சந்திரசேகரின் கணக்கின்படி விண்மீன் மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும், முடிவில் அதன் ஈர்ப்பு ஒளியையும் சிறைப்படுத்திவிடும், இது பொருந்தா விளைவு, விண்மீன் இவ்வாறு நடவாதபடி தடுக்கும் இயற்கை விதியொன்று இருந்தே தீரவேண்டும். சபையோர் நகைத்தனர். இளைஞருக்கு மறுமொழி கூறவும் வாய்ப்புக் கிட்டவில்லை.

நேயர்களே, இவ்விடத்திற் சற்று நிதானிக்க வேண்டும். எடிங்டன் கணக்கை விளங்கிக்கொள்ளாமல் மறுக்கவில்லை. அதன் விளைவை மற்றெவரினும் தெளிவாக அவரே கண்டார். இன்று கருந்துளை என நாம் சொல்வதை அன்றே சொல்லில் வரைந்து காட்டினார். காட்டிவிட்டு, இது விரும்பத்தக்கதன்று, ஆதலால் உண்மையாகாது என்றார். அவருடைய தவறு கணக்கிலே நிகழவில்லை. இயற்கை நம் விருப்பத்துக்கு இணங்கி நடக்கவேண்டும் என்ற எண்ணத்திலேயே நிகழ்ந்தது.

முன்னணிப் பௌதிகவியலாளர் சிலரிடம் சந்திரசேகர் முறையிட்டார். அவர்கள் அவருடைய கணக்கே சரியென்று தனிமையில் ஒப்புக்கொண்டனர். ஆனால் எடிங்டனுக்கு மாறாகச் சபையறியப் பேச எவரும் முன்வரவில்லை. இறுதியில் சந்திரசேகர் தம் ஆய்வை 1939ஆம் ஆண்டு ஒரு நூலாக எழுதி முடித்து, அத்துறையை விட்டு வேறு துறைக்குச் சென்றார். அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான இடமாயிற்று. அவர் எடிங்டனைப் பழித்துப் பேசியதில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். எடிங்டன் பிறந்த நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் நினைவுப் பேருரைகள் நிகழ்த்தியவர் சந்திரசேகரே. அவ்வுரைகளில் எடிங்டனை அக்காலத்தின் தலைசிறந்த வானியற் பௌதிகவியலாளர் என்றே போற்றினார்.

எடிங்டன் ஒருவரையே குறைகூறுவதும் முறையாகாது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வெளிவந்த சில வாரங்களுள்ளே, முதலாம் உலகப் போரின் களத்திற் பணியாற்றிய ஜேர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு அவற்றுக்கு முதற் சரியான தீர்வைக் கண்டார். அத்தீர்வின்படி சூரியன் முழுவதையும் மூன்று கிலோமீற்றர் ஆரையுள் அடக்கினால் அதிலிருந்து ஒளி மீளாது. பூமியையாயின் ஒன்பது மில்லிமீற்றர் ஆரைக்குள் அடக்க வேண்டும். அது ஒரு கோலிக்குண்டின் அளவு. 1916ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் நோயினால் இறந்தார். தம் சமன்பாடுகளிலிருந்து வந்த இவ்விளைவை ஐன்ஸ்டைனே ஏற்கவில்லை. இயற்கையில் அது நிகழாது எனக் காட்டும் கட்டுரையொன்றை 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி ஒப்பன்கைமரும் அவர் மாணவர் சினைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. போதிய திணிவுடைய விண்மீன் தடையின்றி வீழ்ந்து உலகின் பார்வையிலிருந்து மறையும் என அது காட்டியது. அன்றுதான் இரண்டாம் உலகப் போரும் மூண்டது. அக்கட்டுரையைக் கவனித்தவர் மிகச் சிலரே.

நியூத்திரன் விண்மீனின் கதையும் இத்தகையதே. நியூத்திரன் என்னும் துணிக்கை 1932ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய விண்மீன் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளகம் நியூத்திரன்களால் ஆன சிறு உருண்டையாக ஒடுங்கக்கூடும் என்று வால்டர் பாடேயும் பிரிட்ஸ் சுவிக்கியும் 1934ஆம் ஆண்டில் எழுதினர். அத்தகைய உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். கொழும்பிலிருந்து மொறட்டுவைக்குப் போகும் தூரமளவே அது. ஆனால் சூரியனுக்கு மேற்பட்ட திணிவு அதனுள் அடங்கியிருக்கும். இவ்வளவு சிறிய பொருளை எப்படித்தான் காண்பது? ஆதலின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது காகிதத்திலேயே கிடந்தது.

அதனை வெளிக்கொணர்ந்தவை வானொலி அலைகள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாயிருந்த ஜோசலின் பெல், தம் சகாக்களுடன் சேர்ந்து கம்பங்களும் கம்பிகளும் நட்டு, நாலரை ஏக்கர் வயல்வெளியில் வானொலித் தொலைகாட்டியொன்றை எழுப்பினார். அது பெற்ற குறிகளைப் பேனா முள் காகிதச் சுருளில் வரைந்து சென்றது. நாள்தோறும் ஏறத்தாழ நூறு அடி நீளமுள்ள காகிதத்தை அவரே கண்ணால் ஆராய்ந்தார். 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், விளங்காத சிறு கிறுக்கல் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. மனிதர் உண்டாக்கிய இடையூறாயிருக்கும் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அக்கிறுக்கல் ஒவ்வொரு நாளும் முந்திய நாளிலும் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்தது. விண்மீன்களே நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி உதிப்பன. ஆகவே அக்குறி விண்மீன் உலகிலிருந்தே வருகிறது என்பதை அவர் தெளிந்தார்.

நவம்பர் 28ஆந் திகதி காகிதச் சுருளை விரைவாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.33 செக்கனுக்கு ஒருமுறை, கடிகாரம் போலத் தவறாது வரும் துடிப்புகள் தெரிந்தன. வேற்றுலகத்தார் அனுப்பும் செய்தியோ என்று அவர்கள் பாதி விளையாட்டாகப் பேசிக்கொண்டதும் உண்டு. வானின் மற்றொரு பக்கத்தில் இதே போன்ற இரண்டாவது குறியையும் பெல் கண்டபோது அவ்வையம் நீங்கிற்று. 1968ஆம் ஆண்டின் இறுதியில் இடப இராசியிலுள்ள நண்டு வடிவ முகிலின் நடுவே, செக்கனுக்கு முப்பது முறை துடிக்கும் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விடத்திலேதான் 1054ஆம் ஆண்டு பகலிலும் தெரிந்த புதிய விண்மீனைச் சீன வானியலாளர் பதிந்து வைத்திருந்தனர். இத்தனை விரைவிற் சுழன்றும் சிதறாதிருக்க நியூத்திரன் விண்மீனால் மட்டுமே முடியும். வெடித்த விண்மீன், எஞ்சிய முகில், அதன் நடுவே சுழலும் உள்ளகம் ஆகிய மூன்றும் ஒரேயிடத்தில் அகப்பட்டன. பாடேயும் சுவிக்கியும் எழுதியது மெய்யாயிற்று.

1974ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெல்லின் மேற்பார்வையாளர் அந்தனி கியூவிஷுக்கும், மாட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. கிறுக்கலைக் கண்ட மாணவியின் பெயர் அதில் இல்லை. 2018ஆம் ஆண்டில் முப்பது இலட்சம் டொலர் பெறுமதியான வேறொரு சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதனை முழுவதும், பௌதிகவியல் ஆய்வில் வாய்ப்புக் குன்றிய மாணவர்களின் உதவிக்கே அவர் அளித்துவிட்டார்.

இனிக் கருந்துளைக்கு வருவோம். 1964ஆம் ஆண்டு ரொக்கெட் ஒன்றில் அனுப்பிய கருவி, அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்திலிருந்து வலிய எக்ஸ் கதிர்கள் வருவதை உணர்ந்தது. 1970ஆம் ஆண்டு டிசெம்பரில் கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உகுரு என்னும் செய்மதி அவ்விடத்தை மேலும் ஆராய்ந்தது. அங்கே பெரிய நீல விண்மீன் ஒன்று உண்டு. இங்கிலாந்திலே லூயிஸ் வெப்ஸ்டரும் போல் மேர்டினும், கனடாவிலே தொம் போல்டனும் 1971ஆம் ஆண்டில் அதன் ஒளியை அளந்தனர். கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றை 5.6 நாளுக்கு ஒருமுறை அது சுற்றி வருவது புலனாயிற்று. மறைந்திருப்பதன் திணிவோ வெண்குள்ளனும் தாங்காது, நியூத்திரன் விண்மீனும் தாங்காது.

மிச்செல் என்னும் குருவின் யோசனையை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். ஒளிராத பொருளை, அதைச் சுற்றும் ஒளிரும் துணையால் அறியலாம் என்று அவர் கூறி 188 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் சொன்ன வழியிலேயே முதற் கருந்துளை அகப்பட்டது. 1983ஆம் ஆண்டு சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கப்பலிலே கணக்கிட்ட இளைஞருக்கு அப்போது வயது எழுபத்து மூன்று.

காட்சிசாலையிற் காட்டும் கருந்துளைப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1979ஆம் ஆண்டு பிரான்சிய அறிஞர் ஜோன் பியேர் லுமினே, கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளிர்வளி எவ்வாறு தோன்றும் என்பதைக் கணினியாற் கணக்கிட்டு, புள்ளி புள்ளியாகத் தம் கையாலேயே மையிட்டு வரைந்தார். நம்மை நோக்கி வரும் பக்கம் ஒளிமிக்கும், விலகிச் செல்லும் பக்கம் மங்கியும் அப்படத்தில் இருந்தன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரக் காட்சிசாலையார் கருந்துளைகளைப் பற்றி ஒரு குவிமாடக் காட்சியை வெளியிட்டனர். வானியலாளர் அன்ட்ரூ கமில்டன் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தீர்த்து ஆக்கிய காட்சிகள் அதில் இடம்பெற்றன. அப்பொழுதும் எவரும் கருந்துளையை நேரிற் கண்டிருக்கவில்லை. பாட்டனாரின் கேள்விக்கு அன்று தரக்கூடிய விடை, “எவரும் பார்க்கவில்லை ஐயா, ஆனால் கணக்கிட்டோம்” என்பதே.

அவ்விடை பின்னர் மாறியது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, நான்கு கிலோமீற்றர் நீளக் கரங்களையுடைய இரு அமெரிக்கக் கருவிகள் வெளியின் நுண்ணிய அதிர்வொன்றை உணர்ந்தன. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வு அது. அதனை ஒலியாக மாற்றியபோது, தாழ்ந்து தொடங்கி விரைந்து உயர்ந்து ஓயும் ஒரு சிறு ஓசை கேட்டது. கண்ணாற் காணுமுன் செவியாற் கேட்டோம் எனலாம்.

2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆந் திகதி படமும் வந்தது. ஹவாய்த் தீவு முதல் தென்துருவம் வரை ஆறு இடங்களிலுள்ள எட்டு வானொலித் தொலைகாட்டிகளை ஒன்றிணைத்து, பூமியளவான ஒரே தொலைகாட்டி போல அறிஞர் பயன்படுத்தினர். கன்னி இராசித் திசையில், ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அண்டமொன்றின் நடுவே, 650 கோடி சூரியத் திணிவுடைய கருந்துளையின் நிழல் தெரிந்தது. அதைச் சுற்றி ஒளிவளையம்; வளையத்தின் ஒரு பக்கம் ஒளிமிக்கது. லுமினேயின் கைப்படம் கூறியதும் அதுவே. எடிங்டன் கிரகணத்தை அளந்து நூறாண்டு நிறைந்த ஆண்டும் அதுவே. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், தனு இராசித் திசையில் நம் பால்வீதியின் நடுவிலுள்ள, நாற்பது இலட்சம் சூரியத் திணிவுடைய கருந்துளையின் படமும் வெளியாயிற்று.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? காணாததை நம்பு என்று அது சொல்லவில்லை. காணாததை மறு என்றும் சொல்லவில்லை. காணாதது உண்டென்றால் அதன் அருகிலுள்ள காணும் பொருளில் என்ன அடையாளம் தெரிய வேண்டும் எனக் கேள்; தெரிந்தபின் விருப்பு வெறுப்பின்றி ஏற்றுக்கொள் என்றே அது கூறுகின்றது. மிச்செல் அவ்வாறு கேட்டார். பெல் காகிதச் சுருளில் அவ்வடையாளத்தைத் தேடினார். சந்திரசேகர் தம் கணக்குச் சென்ற வழியிலே தயங்காமற் சென்றார். பெரியோர் சிலர் அவ்விடத்திலேதான் தயங்கினர். அத்தயக்கத்தால் நாற்பது ஆண்டுகள் வீணாயின.

அடுத்த முறை நீங்கள் உங்கள் பிள்ளைகளுடனோ பேரப்பிள்ளைகளுடனோ கோள்மண்டலக் காட்சிசாலைக்குச் செல்லும்போது, இருள் சூழ்ந்து கருந்துளை தலைக்கு மேலே எழும் வேளையில், அச்சிறுவன் உங்கள் கையைப் பற்றிக்கொண்டு, “இதை எவர் பார்த்தார்?” என்று கேட்கக்கூடும். கேள்வி கேட்டதற்காக அவனை அதட்ட வேண்டாம். சபை நகைத்தபோதும் தம் கணக்கைக் கைவிடாத இளைஞரையும், குப்பையெனத் தள்ளத்தக்க கிறுக்கலைத் தள்ளாத மாணவியையும் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். அவன் கேள்விக்கு அதுவே முதல் விடை.